கமாலியேல் என்று ஒரு பெயர்

பிள்ளைகளே, எண்பதுகளில் ஒரு சனிக்கிழமை லா சப்பல் மெத்ரோ ரயில் மேடையில், புலம்பெயர்ந்து வந்த யாழ்ப்பாணத்தார் இருவர் எனக்கு முன்னால் நின்றார்கள். வாழைக்காய்ப் பை வைத்திருந்த மூத்தவர் சொன்னார்:

"பிள்ளைக்கு உந்தப் பேரெண்டால், நாளைக்கு ஞானஸ்நானத்திலை நான் ஞானத்தகப்பனாய் நிக்கமாட்டன். கமாலியேல் ஒரு யூதப் போதகரெல்லே."

"ஓம் அண்ணை," என்றார் பிள்ளையின் தகப்பனான இளையவர். " இராயப்பரையும் மற்ற அப்போஸ்தலரையும் கொல்லவெண்டு யூதச் சபை நிக்கேக்கை, அவர்தான் எழும்பித் தடுத்தவர். இது கடவுளின்ரை வேலையெண்டால் உங்களாலை நிப்பாட்டேலாது எண்டவர்."

"பிறகு எங்கடை வேதத்துக்கு வந்தவரோ?"

"வேதாகமத்திலை அப்பிடி இல்லை. தன்ரை வேதத்திலை இருந்துகொண்டே மற்ற ஆக்களின்ரை உயிருக்காக வாய் திறந்தவர். அதுக்காகத்தான் அந்தப் பேர்."

"எண்டாலும் யூதப் பேர்."

"உங்கடை பேரென்ன, அண்ணை?"

மூத்தவர் ரயில் வரும் பக்கம் பார்த்தார்.

"யாக்கோபு."

"அது எங்கடை ஊர் பாசையூரிலை முளைச்ச பேரோ?"

மூத்தவர் வாழைக்காய்ப் பையை மற்றக் கைக்கு மாற்றினார். ரயில் வந்து கதவு திறந்தது. ஏறும்போது மெதுவாகக் கேட்டார்:

"நாளைக்குச் சுவாமியார் தண்ணி ஊத்தேக்கை, பிள்ளையின்ரை தலையை எந்தக் கையாலை தாங்கிறது?"