துறை திறந்திருக்கிறது

எனக்குப் பூ வைத்த எழுத்து பிடிக்காது. ஆங்கில ஓ என்றால் காம்பஸில் போட்ட வட்டமாக இருக்க வேண்டும். கோடு முழுக்க ஒரே தடிமன். வாலோ கொக்கியோ கூடாது. எங்கள் ஊர் மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், ஆற்றங்கரை முதலை எச்சரிக்கைப் பலகை எல்லாமே அந்த எழுத்தில்தான். வெட்டி ஒட்டியது பலகைக் கடை வைத்திருக்கும் நானும் என் கூட்டாளி கோர்டனும். அதில் எழுதியவன் கை தெரியாது. அதனால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். 'தண்ணீரில் இறங்காதே' என்று பெயிண்டில் கிறுக்கிப் பாருங்கள், எவனோ குடித்துவிட்டு எழுதியிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே இறங்குவார்கள்.

கோர்டன் நல்லவன் என்று ஊர் சொல்லும். வாய்தான் சும்மா இருக்காது.

"நெவ், ஒன் கல்லறையிலயும் இதே எழுத்துதான்டா. உள்ள ஆள் இருக்கு, தள்ளி நில்லுங்கன்னு தடியா போட்டுடறேன்."

நானும் சிரித்தவன்தான். பிறகு அவன் அடிக்கடி கெய்ர்ன்ஸ் நகரத்துக்குப் போக ஆரம்பித்தான். கடைக்கு வருகிறவர்களிடம் பல் வலி என்பான். பல் வலிக்காரன் இஸ்திரி போட்ட சட்டையிலா போவான்? அங்கே பெரிய பலகைக் கம்பெனி ஒன்று இருக்கிறது. போன் வந்தால் வாசலுக்குப் போவான். நான் வாசலுக்கு வந்தால் பேச்சை முடித்துக்கொள்வான். அவன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் எங்கள் கடை நிலைக்காது. கடையை விட்டால் எனக்கு வேறு நாதி கிடையாது. பயந்துபோனேன், அதை மறைக்கவில்லை.

ஈஸ்டர் சமயத்தில் படகுத்துறையில் பெரிய முதலை தென்பட்டது. சிவப்பு எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள். முதலையைப் பிடித்துக் கொண்டுபோனதும் எங்கள் கடையிலிருந்து வெள்ளைப் பலகை போகும். அதைப் பார்த்த பிறகுதான் இங்கே எல்லாரும் தண்ணீர் ஓரம் மீன் அறுப்பார்கள். கோர்டன் அப்போது கெய்ர்ன்ஸில் இருந்தான். முதலையை யாரும் பிடிக்கவில்லை, கவுன்சிலும் பலகை கேட்கவில்லை. நானே ஒன்று செய்தேன். 'முதலை பிடிபட்டது. துறை திறந்திருக்கிறது.' எழுத்துகளுக்கு நடுவே விட்ட இடம் அவ்வளவு அழகாக அமைந்திருந்தது. நீங்கள் கழற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்திருப்பது அதைத்தான்.

கோர்டன் ஊர் திரும்பியதும், அவன் மீன் பிடிக்கப் போகும் ஞாயிறு காலை, சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளையை மாட்டினேன். வண்டியைக் கரை மேட்டில் நிறுத்தி உட்கார்ந்துகொண்டேன். கோர்டனும் அவன் மனைவி ரோஸ்லினும் மீன் பிடித்துத் திரும்பிப் படகைக் கரையேற்றினார்கள். அவளுக்கு மட்டும் சந்தேகம்.

"இன்னும் புடிக்கலன்னுதானே பேக்கரியில பேசிக்கிட்டாங்க?"

"பேக்கரிக்காரிக்கு என்ன தெரியும்? போர்டப் பாரு ரோஸ். நம்ம நெவ் வெட்டினது. கண்ண மூடிக்கிட்டு எறங்கலாம்."

வாளியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி, மீனைக் கழுவக் குனிந்தான்.

வண்டிக் கண்ணாடி இறங்கியிருந்தது. அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது. தண்ணீர் அசைந்ததை முதலில் பார்த்தவனும் நான்தான். ஹாரன் என் கைக்கு அடியிலேயே இருந்தது. அடிக்கவில்லை. ரோஸ்லின் கத்தியபோதும் அடிக்கவில்லை.

கெய்ர்ன்ஸுக்கு எதற்குப் போகிறாய் என்று அவனிடம் நேராகக் கேட்டாயா என்கிறீர்கள். ஒருமுறைகூட இல்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பான்.