ஐஸ் கம்பெனி வைத்தியம்

ஐஸ் உறைவதற்கு அவசரப்படக் கூடாது, மேடம். நம் ஆட்கள் செய்கிற தப்பே அதுதான். மீன்பிடிப் போட் கிளம்புகிற நேரத்தில் வந்து நின்றுகொண்டு, நடுவில் இன்னும் தண்ணீர் கிடக்கிற கட்டியைத் தூக்கிப்போவார்கள்; கடலில் மீன் நாறியதும் என்னைத் திட்டுவார்கள். ஜெகதாப்பட்டினத்தில் பதினான்கு வருஷமாக ஐஸ் கம்பெனி ஆபரேட்டர் நான். முழுக்க உறையாத கட்டி ஒன்றுகூட என் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. நிதானமான ஆள் என்று யாரைக் கேட்டாலும் ராசு பெயரைத்தான் சொல்வார்கள். ஏட்டு ஐயா அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

உதயசூரியன் மேல் யாரோ ஆசிட் ஊற்றிவிட்டதாக இரண்டு நாளாக விசாரிக்கிறீர்கள். சீட்டாட்டத்தில் அவனோடு சண்டை போட்டான் என்று கவியரசனைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். பாவம், கருவாட்டுக்கு வருகிற பூனையைக்கூட விரட்டத் தெரியாதவன் அவன். அதனால்தான் நானாகவே வந்தேன். அது ஆசிட் இல்லை, ஐஸ். வைத்தது நான்.

உதயனோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. வருகிற புதன்கிழமை என் தங்கை சுடர்விழி கழுத்தில் தாலி கட்டப்போகிறவன் அவன். பத்திரிகையெல்லாம் கொடுத்தாயிற்று. நீங்கள் பெண் அதிகாரி என்பதால் சில சொற்களைத் தவிர்த்துச் சொல்கிறேன். அந்த இடம் என்றால் அந்த இடம்தான்.

ஒரு மாதத்துக்கு முன்பு கம்பெனிக்கு வந்தான். வந்தவன் மிஷினைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"மச்சான், ஒரு ஆளுக்கு மரு வந்திருக்கு. சொல்ல முடியாத எடத்துல."

எந்த ஆளுக்கு என்று கேட்டேன்.

"என் கைலியக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆளுக்குத்தான்."

பூக்கோசு மாதிரி நாலைந்து இருக்கிறது என்றான். மரு என்றால் நம் பக்கத்தில் உப்பும் மிளகும் கோயிலில் போடுவது வழக்கம். பொட்டலத்தை மருவின் மேல் ஒரு தடவை தொட்டு எடுத்துப் போட வேண்டும். கழுத்தில், கையில் என்றால் சரி. பூசாரி எதிரே நிற்கும்போது இவன் எங்கே தொட்டு எடுப்பான்? குதிரை முடி கட்டினால் உதிரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கட்டுவதற்கும் ஒருத்தர் வேண்டும். டாக்டரிடம் போகலாமா என்று அவனே கேட்டான், அவனே பதிலும் சொன்னான்.

"அறந்தாங்கில போய் நின்னா, வரிசையில பாதிப் பேரு சொந்தக்காரங்க. என்னப்பா ஒடம்புக்குன்னு கேப்பாங்க."

"எனக்கும் வந்துச்சு மாப்ள. ஐஸ்தான் வச்சேன். போயிருச்சு" என்றேன்.

நம்பிவிட்டான். ஐஸை நம்பாத மீன்காரன் உண்டா? பத்து நாள் மீனையே கெடாமல் வைத்திருக்கிற பொருள், நாலு மருவை விரட்டாதா என்று அவனே எனக்கு விளக்கம் சொன்னான்.

வைத்தியம் லேசுதான். எங்கள் தொட்டியில் இருப்பது உப்புத் தண்ணீர். சைபருக்குக் கீழே பத்து டிகிரி போனாலும் அது உறையாது. அதில் நிற்கிற கேனுக்குள் ஊற்றிய நல்ல தண்ணீர்தான் கல்லாகும். ஒரு துணியை அந்த உப்புத் தண்ணீரில் நனைத்து, ஐஸ் துண்டைச் சுற்றி, அந்த இடத்தில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். உப்பும் அதிலேயே இருப்பதால் சாமிக்குச் செய்கிறதும் சேர்ந்துவிடுகிறது என்று சிரித்தான். கேன் தூக்குகிற சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முந்நூறு வரை எண்ணினேன். நூற்று எண்பதில் அவனுக்கு எண்ணிக்கை மறந்துபோய்விட்டது; நான் மறக்கவில்லை.

வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை வைத்தோம். முதல் தடவை மரத்துப்போனது, சுகமாக இருக்கிறது என்றான். இரண்டாவது தடவை கொப்புளம். மூன்றாவது தடவைக்கு மறுநாள் வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டான்.

"மச்சான், கறுத்துப்போச்சு. வலிக்கவே இல்ல. அதான் பயமா இருக்கு."

வலிக்கவில்லை என்றால் நல்லதுதானே என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டுமாம். எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லையாம். அந்த நிலையிலும் என் பெயரைச் சொல்லவில்லை பாருங்கள். குடும்பத்துக்கு ஏற்ற மாப்பிள்ளை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதச் சொல்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் நான் பொய் சொல்கிறவன் இல்லை. அவனிடம் சொன்னதில்கூட முதல் பாதி உண்மை. எனக்கும் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்பு. இங்கே தடைக்காலத்தில் கம்பெனி மூடிக்கிடந்தபோது, உதயனும் நானும் மங்களூர்ப் பக்கம் ஒரே போட்டில் இரண்டு சீசன் போனோம், அங்கிருந்து கொண்டுவந்தது. நான் அறந்தாங்கியில் இறங்கவில்லை. இரண்டு பஸ் மாறி, தெரிந்த முகம் இல்லாத ஊருக்குப் போனேன். சீட்டில் பெயர் அடைக்கலம் என்று கொடுத்தேன். அந்த டாக்டரம்மா முகம் சுளிக்காமல் பார்த்தார். இது ஆண் பெண் சேர்க்கையில் தொற்றுகிற வைரஸ், அசிங்கப்பட ஒன்றும் இல்லை என்றார். வீட்டிலேயே தடவுகிற கிரீம் இருக்கிறது, சில வாரம் ஆகும். ஆஸ்பத்திரியில் தொட்டு வைக்கிற மருந்து இருக்கிறது. திரவ நைட்ரஜன் வைத்து உறைய வைக்கலாம். கரண்டில் சுட்டும் எடுக்கலாம். எதைச் செய்தாலும் சிலருக்குத் திரும்ப வரும், வந்தால் திரும்ப வாருங்கள் என்றார். உறைய வைக்கிறது என்றதும் எனக்குத் தொழில் ஞாபகம். எங்கள் கம்பெனியிலேயே ஐஸ் இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வேலையே வேணாங்க. நாங்க வைக்கிற குளிரு மருவுல மட்டும், செகண்டுக் கணக்கு. நீங்க ஐஸ அமுக்கிப் பிடிச்சா நல்ல சதை செத்துப்போகும். மரு அப்படியே இருக்கும்."

கிரீம் தடவினேன். மூன்றாம் மாதம் சுத்தமாகப் போய்விட்டது. ஏட்டு ஐயா ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டார்?

என் இடத்தில் இருந்து யோசியுங்கள், மேடம். உதயன் டாக்டரிடம் போனால், கட்டிக்கப்போகிற பெண்ணிடம் சொல்லுங்கள் என்பார். கல்யாணம் நிற்கும். ஏன் நின்றது என்று ஊர் கேட்கும். அவனோடு அதே போட்டில் போனது யார் என்றும் கேட்கும். ஐஸ் என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மானம் கெடாது. நான் காப்பாற்றியது அந்த மானத்தைத்தான்.

உதயன் முதல் ஆளும் இல்லை. எனக்கு ஐஸில் போய்விட்டது என்று ஒரு தடவை வாய்விட்டதில், அவனுக்கு முன்பே நாலு பேர் வந்து அந்தச் சங்கிலியைப் பிடித்தார்கள். ஒருவரும் இதுவரை குறை சொல்லவில்லை. யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

உங்கள் மனைவியையும் கூட்டிவாருங்கள், அவரையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைப் பத்திரமாக ஃபியூஸ் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். என் மனைவி செல்வராணி வெள்ளை மனசுக்காரி. இந்தத் தை மாதம் அவளுக்கும் இரண்டு வந்தது. என்னிடம் சொல்ல மூன்று நாள் அழுதாள். சூட்டுக்கட்டி என்று சொல்லி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அடங்கவில்லை. ஐஸ் விஷயம் அவள் காதிலும் எப்படியோ விழுந்திருக்கிறது. "ஊருக்கெல்லாம் வைக்கிறீங்களே, எனக்கு மட்டும் மனசு வரலியா?" என்று போன வாரம் கேட்டாள். எனக்கே கஷ்டமாகிவிட்டது.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது. சாயந்திரம் ஐந்து மணிக்கு அவளைக் கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்படிப் பார்க்காதீர்கள் மேடம், கட்டின பொண்டாட்டி. அவளுக்கு நூறு எண்ணுகிற வரைக்கும்தான் வைப்பேன்.