என் கையால் மட்டும்

நாய்க்குச் சோறு வைப்பதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. மிச்சத்தை முற்றத்தில் கொட்டிவிட்டுக் கூப்பிடுவார்கள். அப்படி வளர்ந்த நாய் கள்ளன் எறிந்தாலும் தின்னும்.

நீங்கள் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க எனக்கு விருப்பமில்லை ஐயா. அதனால்தான் தாள் கேட்டேன். நானே எழுதுகிறேன்.

நானும் என் மனைவி டினோஜாவும் பேசாலையில், கடற்கரைப் பக்கம் கடைசி வீட்டில் இருந்தோம். எனக்கு அடம்பனில் கந்தோர் வேலை. காலை பஸ்ஸில் போனால் பொழுதுபடத்தான் வருவேன். அவள் தனிய. அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் சீசரை வாங்கினேன். றொட்வைலர் சாதி நாய். இரண்டு வயதில் ஐம்பது கிலோ.

ஒரே கையால் மட்டும் தின்னும் நாயை யாரும் நஞ்சு வைத்துக் கொல்ல முடியாது. பழக்கும் முறை எளிது. வேறொருவர் தட்டை நீட்ட வேண்டும். நாய் வாய் வைத்தால் மூக்கில் அடி. பிறகு அதே சோற்றை நான் வைப்பேன். அதைத் தின்னலாம். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் தட்டை நீட்டியது டினோஜா. அடித்தது நான். ஏறக்குறைய நாற்பது நாள்.

"இது நாயோ, உங்கட கந்தோர்ப் பெரியவரோ? ஆள் பார்த்துத்தான் வாங்குமாம்" என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"எனக்கு ஏலாது. என்ர கையைக் கண்டாலே உறுமுது."

உறுமியது உண்மைதான். பாடம் ஏறிவிட்டது என்று எனக்குத் திருப்தி.

பக்கத்து வளவு அமிர்தநாயகம் அண்ணை கருவாடு போடுபவர். ஒரு நாள் வேலிக்குள் நுழைந்த கழுதைக் குட்டியைச் சீசர் கொன்றுவிட்டது. அவர் வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கழுதை உதைக்கும், அவ்வளவுதான். இது அப்பிடியில்லை. ஆரும் ஆமிக்காரனிட்டக் குடுத்துவிடுங்கோ. அவங்களுக்குத்தான் காவல் காக்கச் சாமான் இருக்கு."

அன்றே வேலியைத் திருத்தினேன்.

மாசி மாதம் வவுனியாவில் எனக்கு மூன்று நாள் பயிற்சி. நாய் மூன்று நாள் பட்டினி கிடந்தால் சாகாது. தண்ணீர் வைத்தேன். கூட்டைப் பூட்டித் திறப்பைச் சமையலறை ஆணியில் கொழுவினேன். இரண்டாம் நாள் அவள் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, அது ஊளையிட்டுக்கொண்டே கிடக்கு. கொஞ்சம் சோறு வைக்கட்டே?"

"வேண்டாம். பழக்கினதெல்லாம் பழுதாப் போகும்."

"பசிக்குது அதுக்கு."

"கூட்டடிக்குப் போகாதை எண்டு சொன்னனான்."

அவள் திறப்பை எடுத்தாள். கதவைத் திறந்து தட்டை நீட்டினாள். மிச்சத்தை நீங்கள் படமெடுத்து வைத்திருக்கிறீர்கள்.

பதினான்கு நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார்கள், விசர்நோய் இருக்கிறதா என்று. இல்லை. பிறகு யாரும் வந்து கேட்கவில்லை. கொன்றுவிடுவேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். கொல்லவில்லை. அது சொல்லிக்கொடுத்ததைச் செய்த நாய். கூட்டின் அடியில் தட்டுப் போகுமளவு இடைவெளி வெட்டி, பூட்டுக்குப் பதிலாக வெளியே கொளுக்கி போட்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் அமிர்தநாயகம் அண்ணை கோயில் வாசலில் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, என்னை மன்னியுங்கோ. பிள்ளை வந்து கேட்டவ. வாயில்லாச் சீவன், ஒரு வாய் வையுங்கோ பிள்ளை எண்டு நான்தான் சொன்னனான்."

"பரவாயில்லை அண்ணை" என்றேன்.

உண்மையில் எனக்கு அப்படி இருக்கவில்லை. இரக்கம் காட்டுகிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு சொல் சொல்லிவிட்டுப் போய் மீனுக்கு உப்புப் போடுவார்கள். சவப்பெட்டியை மூடிவைத்துத்தான் அடக்கப் பூசை நடந்தது. அது ஏன் என்று அவர் யோசித்திருப்பாரா? யோசித்திருந்தால் என் கையைத் தொட்டிருக்க மாட்டார்.

அவருக்கு அந்த இரக்கத்தைத் தன் கையால் செய்து பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுக்க நினைத்தேன். அவ்வளவுதான். சீசருக்கு ஐந்து நாள் சோறு வைக்கவில்லை. ஆறாம் நாள் காலை அவரிடம் போனேன்.

"அண்ணை, டினோஜாவுக்குப் பூசை குடுக்க மடு மாதா கோயிலுக்குப் போறன். மத்தியானம் சீசருக்கு ஒருக்காச் சோறு வைப்பியளே? கம்பிக்குக் கீழால தள்ளினாக் காணும்."

"எனக்குப் பயம் தம்பி."

"அவவுக்காகக் கேக்கிறன்."

அதற்கு மேல் அவரால் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். "சரி, வைக்கிறன். நீங்கள் கவலைப்படாமப் போட்டு வாங்கோ" என்றார்.

டினோஜா நீட்டிய அதே தட்டைத்தான் அவருக்கு எடுத்து வைத்தேன். கூட்டுக் கதவைச் சாத்தினேன். கொளுக்கியைப் போடவில்லை. மறதி என்று எழுதிவிடாதீர்கள். போட்டிருந்ததைக் கழற்றினேன். மடுவுக்கும் போனேன், பூசையும் கொடுத்தேன். அவரிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அமிர்தநாயகத்தைக் கொன்றது நான். இதை எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். டினோஜாவைக் கொன்றது அவர். இந்த இரண்டையும் ஒரே தாளில் பதியுங்கள்.

சீசரை நிலையத்தின் பின்பக்கம் அடைத்திருப்பதாகக் கேள்வி. மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லையாம். இன்று காலை ஒரு பெண் பொலிஸ், பாவம் என்று பாண் கொண்டுபோனதாகக் காவலில் நின்றவர் சொன்னார். இனி அவவைப் போக விடாதீர்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போனால் நான் வைக்கிறேன். மற்றவர்கள் கிட்டப் போகக் கூடாது என்று சொன்னால் போதும். சொன்ன பிறகும் போனால் அது போகிறவரின் பிழை.

டினோஜாவுக்கும் நான் சொல்லித்தான் இருந்தேன்.