அக்காவின் திரை

கேமராவின் கண்ணாடியைத் துடைக்கப் பழைய பருத்தித் துணிதான் நல்லது. புதுத்துணி நூல் உதிர்க்கும். தினமும் காலையில் அதைத் துடைத்து, அக்காவுக்குத் தலை சீவிவிட்டு, திரையை அவள் முகத்துக்கு நேரே திருப்பி வைப்பேன். அக்காவைப் பற்றி விசாரிக்கும் நீங்கள் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பேச்சும் போய்விட்டது. திரையில் ஓர் எழுத்தை அவள் சற்று உற்றுப் பார்த்தால், கேமரா அவள் கண்ணைக் கவனித்து அதைப் பதிவு செய்யும். ஓரிரு எழுத்து விழுந்ததும் மென்பொருள் முழுச் சொல்லை எடுத்து நீட்டும். வாக்கியம் முடிந்ததும் வாசித்துக் காட்டும். அந்தக் குரல் என்னுடையது. அதில் இருந்த குரல்கள் பிடிக்காமல் என்னைத்தான் பதிவு செய்யச் சொன்னாள்.

"தலை சீவுறியா, தரை பெருக்குறியாடி?" என்று என் குரலிலேயே என்னை வம்புக்கு இழுப்பாள். நான் சிரிப்பேன். அவள் கண் சிரிக்கும்.

பிறகுதான் ஒரு விடுதிக்காரர் வந்தார். அவளைப் போன்றவர்கள் சேர்ந்து தங்கி வேலை பார்க்கும் இடமாம். அன்று மாலையே அக்கா எழுதினாள்: "நான் அங்க போகணும்டி. நீயும் இனிமேலாவது வாழு."

களைப்பில் எழுதியிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

'போகணும்' என்ற சொல்லை மென்பொருள் நீட்டாதபடி செய்தேன். அவள் எழுத்து எழுத்தாக முயன்றாள். ஒவ்வோர் எழுத்தையும் எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று தனித்தனியாக வைக்கலாம். 'போ'வுக்கு மட்டும் நேரத்தைக் கூட்டினேன். கண் தாங்காமல் நழுவிவிடும். அதையும் மீறி எழுதினால், 'அங்க' என்பதை 'இங்க' என்றும், 'போகணும்' என்பதை 'இருக்கணும்' என்றும் திருத்த மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 'இல்லை', 'பொய்' போன்ற சொற்களையும் அப்படியே முடக்கினேன். அவை அவளைப் பதறவைக்கும்.

விடுதிக்காரர் மறுபடி வந்தார். "என்னம்மா, வர்றீங்களா? ஜன்னல் பக்கமா ரூம் பாத்து வெச்சிருக்கேன்."

அக்கா வெகுநேரம் போராடினாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"நான் இங்க இருக்கணும்" என்றது என் குரல்.

"கண்ணுல தண்ணி வருதே?" என்றார் அவர்.

"திரையைப் பாத்துக்கிட்டே இருந்தா வரும் சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து திரையைத் திருப்பினாலே அக்கா கண்ணை மூடிக்கொள்கிறாள். கோபம் இருக்கத்தானே செய்யும். அவளை நான் வற்புறுத்துவதில்லை. பக்கத்தில் படுத்து, என் முகத்தை அவள் முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வேன். யாருடைய கண் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

"அக்கா, சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்ப்பேன்.

"இருக்கேன்டி. நீ எங்கயும் போயிடாத."

வேண்டுமானால் நீங்களே வந்து கேளுங்கள். ஒரு நாளும் அவள் வேறு பதில் சொன்னதில்லை.