மெத்தைக் கடையில ஒரு ஸ்டூல்

இந்தக் கால்தான், நர்ஸம்மா. இடது கால். வலது கால்லயும் இருக்கு, ஆனா அது இன்னும் சண்டைக்கு வரல. அய்யோ, இந்த ஜெல் என்ன இப்படி சில்லுனு இருக்கு! சொல்லிட்டுப் பூசக்கூடாதா, தூக்கிவாரிப் போட்டுது. இல்ல இல்ல, நிக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நின்னாதான் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுதுனு உங்க மெஷின்ல தெரியுமாமே, டாக்டர் சொன்னார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கறேன். நீங்க அந்த ஃபாரத்துல கேக்க வேண்டியத எல்லாம் கேளுங்க, நான் நின்னுக்கிட்டே சொல்றேன்.

வெளிய உக்காந்திருக்கற பொண்ணா? வேணாம், கூப்பிடாதீங்க. அவ வெளியவே இருக்கட்டும். நான் வளத்த பொண்ணு அது. இந்த டாக்டரத் தேடிப் புடிச்சது, நாள் வாங்கினது, லீவு போட்டுட்டு என்னை இழுத்துக்கிட்டு வந்தது எல்லாம் அவதான். தங்கமான பொண்ணு. அதனாலதான் சொல்றேன், நான் இங்க பேசறது அவ காதுல விழக்கூடாது. அஞ்சு வருஷமா அவகிட்ட ஒரு விஷயத்த மறைச்சு வெச்சிருக்கேன். இப்ப ஒரு வாரமா அத மூடி வெக்க முடியல. சரி, நீங்க கேளுங்க.

வயசு அம்பத்தி மூணு. வேலை, மெத்தைக் கடையில சூப்பர்வைசர். மெத்தைதான், படுக்கற மெத்தை. சிரிக்காதீங்க, எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்க. மெத்தைக் கடையில வேலை பாக்கறவளுக்குக் கால் வலியானு. கடையில முப்பத்தெட்டு கட்டில் போட்டிருக்கு நர்ஸம்மா. ஒவ்வொண்ணுலயும் மெத்தை, விரிப்பு, ரெண்டு தலகாணி. காலைல கடை திறந்ததும் ஒரு சுருக்கம் இல்லாம இழுத்து விட்டு வெப்போம். வர்றவங்க செருப்பக் கழட்டிட்டு ஏறிப் படுப்பாங்க. நாங்க பக்கத்துல நின்னுக்கிட்டு, நல்லா காலை நீட்டுங்க சார், ஒருக்களிச்சுப் படுத்துப் பாருங்க அம்மா, முதுகு எப்படி இருக்குனு சொல்லுங்கனு பேசிக்கிட்டே இருக்கணும். பதினோரு மணி நேரம். நாங்க உக்காரக்கூடாது. உக்காந்தா விரிப்பு கசங்கும், மெத்தையில பள்ளம் விழும், முதலாளி ஒரு தடவ உள்ளங்கையால தடவினாப் போதும், கண்டுபுடிச்சிடுவார். கடைசில அவரை விட நல்லா நான் கண்டுபுடிக்கக் கத்துக்கிட்டேன். அதுக்குத்தானே சூப்பர்வைசர் ஆக்கினாங்க.

எப்ப ஆரம்பிச்சுதுனா... வேலைக்கு வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். முதல்ல முட்டிக்குப் பின்னாடி நீலமா, நூல் நூலா. அப்புறம் கெண்டக்கால்ல புடைச்சுக்கிட்டு வந்துது. நாங்க நரம்பு சுருட்டிக்கிச்சுனு சொல்லிக்குவோம். இந்த டாக்டர்தான் சொன்னார், அது நரம்பே இல்லையாம், ரத்தக்குழாயாம். கீழேர்ந்து மேல போற ரத்தம் திரும்பிக் கீழ விழாம இருக்க உள்ள சின்னச் சின்னக் கதவு மாதிரி இருக்காமே, அது கெட்டுப்போச்சுனா ரத்தம் கால்லயே தேங்கிடுதாம். எனக்கு அதெல்லாம் தெரியுமா? பேண்ட் போட்டு மறைச்சேன், அவ்வளவுதான். வலிச்சா தைலம் தேய்ச்சேன். வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் கிண்டல் பண்ணுவார், உன் கால்ல பஸ் ரூட்டு போட்டிருக்கு, எந்த பஸ்ஸு எங்க போகும்னு பாத்து சொல்லவானு. மனுஷன் கிண்டல் பண்ணியே ஒரு வைத்தியமும் பண்ண விடாம போய்ச் சேந்தார்.

சாக்ஸா? காலை இறுக்கிப் புடிக்கற அந்த வைத்திய சாக்ஸ்தானே, வாங்கினேனே. அத மாட்டறதுக்குள்ள மூச்சு வாங்கிடும். காலைல படுக்கையிலேர்ந்து எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே மாட்டணுமாமே? நான் கால் நல்லா வீங்கினப்புறம் மத்தியானம் மாட்டுவேன், அப்புறம் இறுக்குதுனு முட்டி வரைக்கும் சுருட்டி விட்டுடுவேன். சுருட்டினா அந்த இடத்துல கயிறு கட்டின மாதிரி ஆயிடும்னு இப்பத்தான் திட்டு வாங்கினேன். நீங்களும் திட்டாதீங்க.

ம், அந்தக் கறுப்பு, கணுக்கால் பக்கம். ரெண்டு வருஷமா அரிக்கும். தோலு பேப்பர் மாதிரி ஆயிடுச்சு. ரத்தம் வந்துச்சா, அதுதானே அடுத்த கேள்வி? வந்துச்சு. போன செவ்வாக்கிழமை. அதுக்குத்தான் இங்க நிக்கறேன்.

குளிச்சிட்டு இருந்தேன். வலியே இல்லம்மா, அதான் பயங்கரம். தண்ணி ஏன் செவப்பா போகுதுனு குனிஞ்சு பாத்தா, கணுக்கால்ல குண்டூசி நுழையற அளவு ஓட்டை, அதுலேர்ந்து ரத்தம் பீச்சி சுவத்துல அடிக்குது. அப்படியே ஈரத் தரையில மல்லாக்கப் படுத்தேன். காலைத் தூக்கிக் கவுத்துப் போட்ட பக்கெட்டு மேல வெச்சேன். துண்டை மடிச்சு அந்த ஓட்டை மேல வெச்சு அழுத்திப் புடிச்சுக்கிட்டேன். எடுத்து எடுத்துப் பாக்கல. பத்து நிமிஷத்துல நின்னு போச்சு. பக்கெட்டுச் சத்தம் கேட்டு ஓடி வந்த அந்தப் பொண்ணு, நான் திறக்கலனு கதவத் தட்டித் தட்டி அழுதா, நான் படுத்துக்கிட்டே பதில் சொன்னேன்.

பாத்தீங்களா, நீங்களும் அதையேதான் சொல்றீங்க. ரொம்ப சரியா செஞ்சீங்கனு. டாக்டரும் அதான் சொன்னார். பாதிப் பேர் பதறிப்போய் உக்காந்துடுவாங்க, காலைத் தொங்கப் போட்டுடுவாங்க, நீங்க புத்திசாலினு. அந்த வார்த்தையக் கேட்டதுலேர்ந்து எனக்கு இன்னும் மனசு சரியில்ல. புத்திசாலியாம்.

யாரு சொல்லிக் குடுத்தாங்களா? ஒருத்தி சொன்னா. கடையில வேலை பாத்தவ.

எனக்குக் கீழதான் வேலை பாத்தா. என்னை விட ஆறு வயசு சின்னவ. அவளுக்கும் இதே கால், இதே கறுப்பு. ஆனா அவ என்னை மாதிரி மறைக்கல, சர்க்கார் ஆஸ்பத்திரியில போய் காமிச்சிருக்கா. ஆபரேஷனுக்கு நாள் குடுத்து வெச்சிருந்தாங்க. அதுக்குள்ள ஒரு நாள், கடையில நல்ல கூட்டம். புது வீட்டுக்குக் குடிபோற ஒரு குடும்பம், தாத்தாவுலேர்ந்து பேரன் வரைக்கும் வந்து ஏழு மெத்தை பாக்கறாங்க. முதலாளியே நின்னு பேசிக்கிட்டிருக்கார். அவ ஓரமா வந்து என் கையத் தொட்டா. மேடம், கால்ல நரம்பு உடைஞ்சிடுச்சுனு சொன்னா. குனிஞ்சு பாத்தா செருப்பு நனைஞ்சிருக்கு, டைல்ஸ்ல சொட்டு சொட்டா விழுது. நான் முதல்ல என்ன பண்ணேன் தெரியுமா? துணிய எடுத்து டைல்ஸத் துடைச்சேன். கஸ்டமர் பாத்துடக்கூடாதேனு.

இல்ல, மெஷினை எடுக்காதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். சொல்லிடறேன்.

அவ கேட்டா. மேடம், கொஞ்சம் படுத்துக்கட்டுமா, உடைஞ்சா படுத்துக் காலைத் தூக்கி வெச்சு அழுத்தணும்னு டாக்டர் சொன்னார்னு தெளிவா கேட்டா. முப்பத்தெட்டு கட்டில் போட்ட கடை நர்ஸம்மா. நான் சொன்னேன், இங்கயா, உனக்குப் புத்தி இருக்கா, மெத்தை என்ன ஆகுறதுனு. கையப் புடிச்சுப் பின்னாடி சரக்கு ரூமுக்கு நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்கேயும் மெத்தைதான், ஆள் உயரத்துக்கு அடுக்கி இருக்கு, பிளாஸ்டிக் உறை கூட பிரிக்கல. ஒண்ண இழுத்துக் கீழ போட எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? அதுல ரத்தம் பட்டாலும் ஈரத் துணியில துடைச்சாப் போயிருக்கும். எனக்குத் தோணலனு சொன்னா அது பொய். தோணுச்சு. விட்டுட்டேன். கணக்கு எழுதறவர் ஸ்டூல் ஒண்ணு கிடந்துது, அதுல உக்கார வெச்சேன். எங்க கடையில வேலை நேரத்துல ஒருத்திய நான் உக்கார வெச்சதே அதான் முதல் தடவ. அப்ப அது எனக்குப் பெரிய உபகாரமா தெரிஞ்சுது. ஓட்டை மேல அழுத்தாம, காலைத் தொங்க விட்டு, முட்டிக்குக் கீழ ஒரு துணிய இறுக்கிக் கட்டிட்டு, இரு இப்ப வந்துடறேன்னு போனேன்.

முன்னாடி அந்த வீட்டுப் பாட்டியம்மா மெத்தையில இப்படிப் புரண்டு அப்படிப் புரண்டு, இது ரொம்ப மெத்துனு இருக்கு வேற காமிங்கங்கறாங்க. நானும் காமிச்சேன். கால் மணி நேரம், இல்ல, இருபது நிமிஷம். திரும்பிப் போனப்ப அவ ஸ்டூல்ல இல்ல. அந்த அடுக்குல சாஞ்சபடியே சரிஞ்சு கிடந்தா. தரையெல்லாம்... போதும். ஆம்புலன்ஸ் வந்துது, வந்து என்ன பண்ண. கடையில எல்லாரும், பாவம், அவளுக்கே என்ன பண்றதுனு தெரியல, சூப்பர்வைசரம்மா தன்னால முடிஞ்சதப் பண்ணாங்கனு பேசினாங்க. நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலத்தான் இத்தனை வருஷமா ஆட்டிக்கிட்டிருக்கேன்.

என்ன, அடுத்த கேள்வியா? கேளுங்க, உங்க வேலைய நீங்க பாருங்க.

குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கானு கேக்கறீங்களா?

இருக்கு. எழுதிக்கோங்க. கூடப் பிறந்த தங்கச்சிக்கு.

இல்ல, அவள இனிமே வந்து காமிக்கச் சொல்ல முடியாது. அவதான்மா இவ்வளவு நேரம் நான் சொன்னவ. ஆமா, அவளேதான். வேலை வாங்கிக் குடுத்ததே நான். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டறானு ஒருத்தரும் என் மேல விரல் நீட்டக்கூடாதுனு, கடைக்குள்ள அக்கானு கூப்பிடாதே, மேடம்னு கூப்பிடுனு முதல் நாளே சொல்லிட்டேன். மத்தவங்க ஒரு நிமிஷம் சுவத்துல சாஞ்சா பாக்காத மாதிரி போயிடுவேன், அவ சாஞ்சா எல்லார் முன்னாடியும் திட்டுவேன். கடைசியா கேட்டப்பவும் மேடம்னுதான் கேட்டா. அக்கானு கேட்டிருந்தா விட்டிருப்பேனா? தெரியல நர்ஸம்மா. விட்டிருப்பேன்னு நினைச்சுக்கத்தான் ஆசையா இருக்கு.

வெளிய இருக்கறது அவ பொண்ணுதான். அப்ப ஸ்கூல்ல படிச்சுக்கிட்டிருந்தா. இப்ப மருந்துக் கடையில நாள் பூரா நின்னு வேலை பாக்கறா. எங்க அம்மா கிட்ட கடைசி வரைக்கும் பெரியம்மா இருந்தாங்கனு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவா. கேக்கறப்பல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

அவ காலையும் பாக்கணுமா? அது எனக்கும் தெரியுது. முந்தாநாள் அவ துணி காயப் போடறப்போ பாத்தேன், முட்டிக்குப் பின்னாடி நீலமா ஒரு கோடு. என் கண்ணுக்குத் தப்புமா. நீங்க அவகிட்ட குடும்பத்துல இருக்கானு கேப்பீங்க, அம்மாவுக்கு எப்படி ஆச்சுனு கேப்பீங்க, அவ தெரிஞ்சதச் சொல்லுவா, பெரியம்மா ரொம்பப் பாத்துக்கிட்டாங்கனு சொல்லுவா. நான் இங்க கால்ல ஜெல்லப் பூசிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கணும். அது முடியாது. நானே சொல்லிடறேன், நீங்க பக்கத்துல மட்டும் இருங்க. அவ எழுந்து போயிட்டாலும் காலைக் காமிக்காம மட்டும் போக விட்டுடாதீங்க, அது உங்க பொறுப்பு.

உள்ள வரும்போது, என்ன பெரியம்மா, முடிஞ்சுதானு கேட்டுக்கிட்டேதான் வருவா. திரும்பிப் போகும்போது என்னை எப்படிக் கூப்பிடுவாளோ தெரியல. கூப்பிடுங்க அவள.