தண்ணீர் கேட்டவர்

மத்தியானம் ஒரு மணி. கூலாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துச் சாலை. முன்னால் லாரி இல்லை, பின்னால் மோட்டார் இல்லை... ஒரு பெண் மட்டும் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போகிறாள்.

பேய் வர ராத்திரியாக வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள்.

அந்தப் பெண் வாசுகி. என் கூட்டாளி ஐயாசாமியின் தம்பி மகள். ஐயாசாமி பொய் சொல்ல மாட்டார். அதற்கு வேண்டிய மூளை அவருக்குக் கிடையாது.

வாசுகியின் புருஷன் தங்கராஜுவுக்கு பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. காலில் துருப்பிடித்த தகடு கிழித்தது. மஞ்சளைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனான். காய்ச்சல் வந்தது. அப்புறம் பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கிருமி இரத்தமெல்லாம் பரவி, பிரஷர் தரைக்கு விழுந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில், கழுத்தில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை.

டாக்டர் மகேஸ்வரன் ஒளித்துப் பேசுகிறவர் இல்லை.

"எல்லா ரிப்போர்ட்டையும் போட்டுப் பார்த்தா, கிட்னி நின்னு போக வாய்ப்பு அதிகம்னு கம்ப்யூட்டர் சொல்லுதும்மா. பிரஷர் மருந்துலதான் உசிர் நிக்குது. கிட்னியும் போச்சுன்னா தாங்க மாட்டாரு. ஆனா இப்ப வரைக்கும் மூத்திரம் வருது. அது வர்ற வரைக்கும் நம்பலாம்."

அன்றிலிருந்து வாசுகி சாமி படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பையைத்தான் பார்ப்பாள்.

அன்றைக்கும் அந்தச் சாலை வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பார்வை நேரம் ஆகாததால் இன்னும் உள்ளே விடவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே மூவாரிலிருந்து வந்த மீரா பீவி. அவருடைய மகள் ஷைமா பக்கத்துக் கட்டிலில்... அவளுக்கும் கிருமிதான். ஐந்து மாத வயிறு வேறு. மீரா பீவி கொண்டுவந்த சோற்றில் பாதி தினமும் வாசுகிக்குத்தான்.

"தண்ணி இருக்காம்மா?"

ஒரு கிழவர். ஆஸ்பத்திரிப் பச்சைச் சட்டை. முகம் உப்பியிருந்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. வாயைத் திறந்ததும் குப்பென்று மூத்திர நெடி.

தண்ணீர் கேட்டவரிடம் இல்லையென்று சொல்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. போத்தலை நீட்டினாள். களக்... களக்... சத்தம் கேட்டது. தொண்டை அசையவில்லை.

நேரமானதும் உள்ளே போனாள். குனிந்தாள். மூத்திரக் குழாய் காய்ந்து கிடந்தது.

"மிஸி! ஓடி வாங்க மிஸி!"

தாதி ஷாமளா வந்து குழாயை நிமிர்த்தினாள், தட்டினாள். ஒரு சொட்டு இல்லை. பிறகு வாசுகியின் காதருகே வந்தாள்.

"அக்கா... வெளிய யாராச்சும் உங்ககிட்ட தண்ணி கேட்டாங்களா?"

"ஒரு தாத்தா கேட்டாரு. குடுத்தேன்."

"அலமாக்..." ஷாமளாவின் கை குழாயிலேயே நின்றது. "கம்ப்யூட்டராச்சும் சில நேரம் தப்பா சொல்லும்க்கா. அந்தத் தாத்தா தண்ணி வாங்கிக் குடிச்சா கிட்னி நின்னுடும், ஒரு தடவையும் தப்பினதில்ல."

வாசுகி வெளியே ஓடினாள். அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"தாத்தா, உங்க கால்ல விழறேன். என் வீட்டுக்காரரோடத திருப்பிக் குடுத்திடுங்க."

"குடிச்சத எப்படிம்மா திருப்பறது?" குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "வேற இடத்துல வாங்கித்தான் தரணும்."

மீரா பீவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். மடியில் தண்ணீர்ப் போத்தல்.

"கேக்கட்டுமா?"

வாசுகி சரி என்று சொல்லவில்லை. இதைச் சத்தியம் பண்ணிச் சொன்னாளாம் ஐயாசாமியிடம். மீரா பீவிக்குப் பக்கத்து நாற்காலியில் வாசுகியின் கைப்பை இருந்தது. போய் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நாற்காலி காலியானது.

அவர் உட்கார்ந்தார்.

வாசுகி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் மீரா பீவியின் குரல் கேட்டது... "தாராளமா குடிங்க அத்தா, பாவம், எவ்ளோ தாகமோ..."

களக்... களக்...

உள்ளேயிருந்து ஷாமளா கத்தினாள். "அக்கா! வருதுக்கா! உங்க வீட்டுக்காரருக்கு வருது!"

உள்ளே ஓடினாள். தங்கராஜுவின் பை நிரம்பிக்கொண்டிருந்தது. தெளிவாக, வெதுவெதுப்பாக. வாசுகி தரையில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்துக் கட்டிலில் ஷைமாவின் பையை மூன்று பேர் சூழ்ந்து நின்றார்கள். கண்ணாடிக்கு வெளியே மீரா பீவி, வாசுகிக்காகச் சந்தோஷப்பட்டு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தார்.

டாக்டர் மகேஸ்வரனுக்குத் தலை சுற்றியது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு நிற்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கு வருகிறது.

"ரெண்டு பையும் மாறிப்போச்சா? நல்லா பாருங்க லா!"

ஷாமளா குழாயைக் கையால் பிடித்துக்கொண்டே போனாள். மாறவில்லை. தங்கராஜுவின் உடம்பிலிருந்து தங்கராஜுவின் பைக்குத்தான் வந்தது.

டாக்டர் நம்பவில்லை. அது கர்ப்பிணி ஷைமாவுடையதா என்று பார்க்க, கர்ப்பம் பார்க்கிற பட்டை ஒன்றைப் பிரித்து, தங்கராஜுவின் பையிலிருந்து எடுத்ததில் அவரே நனைத்தார். டாக்டர், ஷாமளா, வாசுகி மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒரு கோடு வந்தது. அது யாருக்கும் வரும்.

கொஞ்சம் பொறுத்து... அதன் பக்கத்தில், மெல்லச் சிவந்து, இன்னொன்று.