மிளகாய்த் தொட்டியில் மிதந்த மழலைகள்

நான் அன்றே சொன்னேன்! அவையை வணங்கும் முன்னரே இதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் பங்குக்கு வரக்கூடாது. எண்பத்தாறாம் ஆண்டிலேயே, பந்தல்குடி முக்கு டீக்கடையில் நின்றுகொண்டு சொன்னேன்: "நம்ம ஊருப் பிள்ளைக ஒரு காலத்துல நடக்குறதுக்கு முன்னால நீந்தும்லே!" சிரித்தார்கள். டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பே அணைந்தது. இன்று? பார்த்தீர்களா, இல்லையா?

கிணற்றுக்கும் கருணைக்கும் சொந்தக்காரர், தன் பம்ப்செட் தொட்டியைப் போன கோடையில் மழலைகளுக்காக மனமுவந்து தந்த மாண்புமிகு தலைவர் வேங்கடபதி அண்ணாச்சி அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! இடுப்பில் குழந்தையும் தோளில் துண்டுமாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இந்த மழலை நீச்சல் வகுப்பைத் தொடங்கியவளும், கோயம்புத்தூர் சென்று உடற்கல்வி கற்றவளும், என் அண்ணன் மகளுமாகிய ரூத் அவர்களே! அனைவருக்கும் இந்தச் செல்லத்துரையின் செந்தமிழ் வணக்கம்!

என்னம்மா? "சீக்கிரம் முடிங்க, பிள்ள பசிக்கு அழுகுது" என்கிறீர்களா? பால் கொடுங்கள் தாயே. என் பேச்சு காதுக்கு; பால் வயிற்றுக்கு.

ரூத்துக்கு நீச்சலைக் கற்பித்த குரு யார்? கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன். நான்தான்! வாலிபத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் லோடு ஏற்றிய காலத்தில், கரையிலிருந்து கப்பலுக்கு நீந்தினேன்; கப்பலிலிருந்து கரைக்கும் நீந்தினேன். அலை அடித்தது, அஞ்சினேனா? சுறா வந்தது, சுருண்டேனா? கப்பல் தலைவன் தொப்பியைக் கழற்றிச் சலாம் வைத்தான் ஐயா, சலாம்!

இருக்கட்டும். இன்றைய கேள்வி ஒன்றே ஒன்று. இந்தக் கோடையிலும் அந்தத் தொட்டி குழந்தைகளுக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? தலைவர் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர் கவலையும் நியாயம்தான். பம்ப்செட்டை ஓட்டும் மும்முனைக் கரண்டு வருவதே கொஞ்ச நேரம். அதற்குள் தண்ணீரைத் தொட்டியில் தேக்கிவைத்தால், மிளகாயின் கடைசிப் பாத்தி காய்ந்து போகும். தொட்டி இல்லையென்றால் வகுப்பு இல்லை. ஆகவேதான் பேசுகிறேன், பேசியே தீருவேன்!

போன வருடத் தொடக்க விழாவை மறந்துவிட்டீர்களா? வாய்க்கால் வாயில் சாக்கை அடைத்து, தொட்டியை விளிம்புவரை நிரப்பியிருந்தோம். இதே மேடையில் நான் சிறப்புரை ஆற்றினேன். நதியைப் பற்றிப் பேசினேன், கடலைப் பற்றிப் பேசினேன், தலைவர் கொட்டாவியையும் பொருட்படுத்தாமல் பேசினேன். முடித்துவிட்டுத் திரும்பினால், தொட்டியில் தண்ணீர் கணுக்கால் அளவு! என் முதுகுக்குப் பின்னால் மகளிர் கூட்டம் குடம் குடமாக மொண்டு முடித்திருந்தது. கரண்டும் போய்விட்டது.

வரிசையின் முதல் ஆள், அதோ அமர்ந்திருக்கும் லிங்கம்மாள். அன்று அவுக என்ன சொன்னாக?

"நெறஞ்ச தொட்டியப் பாத்துட்டுக் கொடத்த வைக்காமப் போறதுக்கு, நாங்க என்ன மழை பெய்யுற ஊர்க்காரிகளா அண்ணாச்சி?"

கைதட்டாதீர்கள்! எனக்குத் தட்ட வேண்டிய கையெல்லாம் லிங்கம்மாளுக்குப் போகிறது.

ரூத்துக்குக் கண் கலங்கியது. அப்போது யார் எழுந்தது? லிங்கம்மாளின் மருமகள் பானுப்பிரியா. இடுப்பில் கைக்குழந்தை அரவிந்த்குமார். மறு இடுப்பில் இருந்த குடத்தைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். "அடியே, உலைக்கு வச்ச தண்ணிடி!" என்று மாமியார் அலறினார். "சோறு அரைமணி நேரம் பொறுக்கும் அத்த, உங்க பேரன் பொறுக்க மாட்டான்" என்றாள் மருமகள். லிங்கம்மாள் முறைத்தார். முறைத்துக்கொண்டே தன் குடத்தையும் கவிழ்த்தார். அடுத்த குடம், அதற்கடுத்த குடம்! மொண்ட தண்ணீரைத் திருப்பி ஊற்றிய ஊர் உலகத்தில் எங்கேனும் உண்டா? நம் கரிசல் காட்டில் உண்டு!

லாரிக்காரரே, ஹாரனை நிறுத்தும்! உருக்கமான கட்டம் வருகிறது.

குழந்தையோடு பானுப்பிரியா இறங்கினாள். குழந்தை வீறிட்டான். ரூத் அருகில் போய் மெதுவாகச் சொன்னாள்: "பானுக்கா, பயம் அவனுக்கு இல்ல, உங்க வெரலுக்கு. இறுக்கிப் பிடிச்சிருக்கீக. தோள எறக்குங்க. மூச்ச முழுசா விடுங்க. பிடரிக்குக் கீழ கைய மட்டும் வைங்க. மிச்சத்தத் தண்ணி பாத்துக்கிடும்." தாயின் தோள் தளர்ந்தது, குழந்தையின் முதுகு தளர்ந்தது. தாய் மூச்சு விட்டாள். குழந்தை காலை விரித்தான். ஒரு உதை உதைத்தான் பாருங்கள், முதல் வரிசைப் பிரமுகர்களின் சட்டையெல்லாம் நனைந்தது! மேகத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்த நாம், அன்றுதான் குனிந்து தண்ணீரைப் பார்த்துச் சிரித்தோம். வகுப்பு முடிந்து சாக்கை எடுத்ததும், அந்தத் தண்ணீர் அத்தனையும் மிளகாய்க்குத்தானே போனது தலைவரே? கடைசிப் பாத்தி பிந்தித்தான் நனைந்தது, நனையாமலா போனது?

என்ன தலைவரே? நீங்கள் முணுமுணுத்தது மைக்கில் விழுந்துவிட்டது, எல்லோரும் கேட்டுவிட்டார்கள். "தூத்துக்குடிக் கடல நீந்துன ஆளுல்ல அண்ணாச்சி நீங்க? அந்தா தொட்டி. எறங்கி ஒரு தடவ மெதந்து காட்டுங்க. இந்த வருசமும் விட்டுத் தாரேன்."

ரூத், சிரிக்காதேம்மா.

சபையோரே, துறைமுகம் உண்மை. லோடு உண்மை. கப்பலும் உண்மை. நீந்தியது மட்டும் பொய். தோணியில் போனேன், கண்ணை மூடிக்கொண்டு போனேன். முழங்காலுக்கு மேல் தண்ணீரை நான் கண்டது குடத்தில்தான். ரூத்துக்கு நான் கற்றுக்கொடுத்தது சைக்கிள் மட்டுமே.

ஆனாலும் இறங்குகிறேன். கூட்டமே சாட்சி, தலைவர் வாக்கு மாறக்கூடாது! யாராவது வேட்டியைப் பிடியுங்கள். ரூத், உன் கையைப் பிடரிக்குக் கீழே வைம்மா. வந்தவர்களுக்கும், பொறுத்தவர்களுக்கும், தண்ணீர் ஊற்றியவர்களுக்கும் நன்றியையும் வணக்கத்தையும் இப்போதே, கரையிலேயே, இரு கை கூப்பிச் சொல்லிவிடுகிறேன். இறங்கியதும் இந்தக் கை தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது லிங்கம்மாள், நீங்கள் உரக்கச் சொல்லுங்கள்: "வெரல விடுங்க அண்ணாச்சி!"